ஜெல்லி மீன் சாப்பிடத் தொடங்குபவர்களுக்கு

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ சீன நண்பரின் திருமண விருந்துக்குப் போனால், முதலில் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பெரிய குளிர்தட்டு. அதில் நான்கைந்து வகைப் பண்டங்கள் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று வெளிர்மஞ்சள் நிறத்தில், ஈரமாக மினுங்கும் மெல்லிய இழைகளாக, மேலே எள் தூவி இருக்கும். சேமியா என்று நினைத்துத் தாராளமாகப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதுதான் ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி மீன் என்று திட்டிக்கொண்டே வலையிலிருந்து உதறித் தள்ளுகிறார்களே, அந்த இனம்தான்.

சீனாவில் 1,700 ஆண்டுகளுக்கு மேலாக இதைச் சாப்பிடுகிறார்கள். ஜப்பான், கொரியா, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் இது சாதாரண உணவு. புதிதாகச் சாப்பிட நினைப்பவர் எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, வீட்டில் எப்படித் தயார் செய்வது, எதில் கவனமாக இருப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், என்ன எதிர்பார்க்கலாம்

சுவையை எதிர்பார்க்காதீர்கள். ஜெல்லி மீனின் உடலில் 95 சதவீதம் தண்ணீர். மிச்சமிருப்பதில் உள்ள புரதம் பெரும்பாலும் கொலாஜன் என்ற வகை. பதப்படுத்தி, உப்பை நீக்கிய பிறகு அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி ருசி எதுவும் இருக்காது. மீன் வாடை கூட அடிக்கக் கூடாது. அடித்தால் சரக்கில் கோளாறு. இதைச் சாப்பிடுவதே அந்தக் கடிக்காகத்தான். ஆட்டு நெஞ்செலும்பு முனையில் இருக்கும் இளங்குருத்தை மெல்லும்போது நறுக்கென்று ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதுதான். கொஞ்சம் வழுக்கலும் சேர்ந்திருக்கும். ருசி முழுக்க மேலே ஊற்றும் சாறிலிருந்து வருகிறது.

பெயரைக் கேட்டதும் கொழகொழவென்று இருக்கும் என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம். வாயில் வைத்தால் அதற்கு நேர் எதிர். மெத்தென்று இருந்தால் அது கெட்டுப்போனது அல்லது தவறாகச் சமைத்தது.

கடலில் நூற்றுக்கணக்கான வகைகள் இருந்தாலும் தட்டுக்கு வருபவை சில மட்டுமே. தடித்த குடை, அதன் விளிம்பில் தொங்கும் நூல்கள் இல்லாத உடல், கீழே கொத்தாகச் சதைப்பற்றான கைகள் என்று இருக்கும் ஒரு பிரிவைச் சேர்ந்தவை இவை. சீனாவில் பெரிதும் விரும்பப்படுவது ரொபிலீமா எஸ்குலென்டம் என்ற இனம். அதன் அறிவியல் பெயரிலேயே உண்ணத்தக்கது என்ற பொருள் இருக்கிறது. ஜப்பான் கடலில் வலைகளைக் கிழித்து மீனவர்களை அழவைத்த நொமுரா ஜெல்லி மீன் இரண்டு மீட்டர் அகலமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது, அதையும் சாப்பிடலாம். ஃபுகுய் மாவட்டத்து மீன்வளப் பள்ளி மாணவர்கள் அதைப் பொடியாக்கி கேரமல் மிட்டாயில் கலந்தே பார்த்துவிட்டார்கள்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் ஒதுங்கியதை எடுத்து வந்து சமைக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். எது எந்த இனம் என்று நமக்குத் தெரியாது. பெட்டி வடிவ ஜெல்லி மீன் கொட்டினால் உயிரே போகலாம். செத்து மணலில் கிடந்தாலும் அதன் கொடுக்கு அணுக்கள் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சரக்கு மட்டும்தான் சாப்பாட்டுக்கு.

முதல் வாய் வெளியில் சாப்பிடுங்கள்

வீட்டில் செய்து பார்த்து முதல் அனுபவத்தைக் கெடுத்துக்கொள்வதை விட, நன்றாகச் செய்யும் உணவகத்தில் ஒரு சிறு தட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. என் கணக்கில், புதியவருக்குச் சீன உணவகத்தின் குளிர்ந்த எள்ளெண்ணெய்க் கலவைதான் சரியான தொடக்கம். சீனத்தில் ஜெல்லி மீனுக்கு ஹாய்ஜெ என்று பெயர். குடைப் பகுதியை ஜெபி என்பார்கள், அதாவது தோல். கீழே இருக்கும் கைப் பகுதி ஜெதோ, தலை. தோல் மெல்லிய இழைகளாக நறுக்கப்பட்டு வரும், பழகுவதற்கு எளிது. தலை கட்டைகட்டையாக, கடிக்கும்போது இன்னும் உரத்த சத்தத்தோடு இருக்கும். விலையும் கூடுதல். எனக்குத் தலைதான் பிடிக்கும். ஆனால் முதல் தடவை அந்தப் புடைப்பும் சுருக்கமுமான தோற்றத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் தோலிலேயே தொடங்குங்கள்.

கொரிய உணவகம் பக்கத்தில் இருந்தால் ஹெபாரி நெங்ச்சே கேளுங்கள். வெள்ளரி, முட்டைத் தோசையின் மெல்லிய கீற்றுகள், இறால் எல்லாம் சேர்த்து, கடுகுச் சாறில் பிரட்டிய குளிர்ந்த தட்டு. அந்தக் கடுகு மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். நம் நாக்குக்கு இது சீனத் தட்டை விட நெருக்கமாகப் படலாம்.

வியட்நாமில் கதை வேறு. ஹனோய், ஹைஃபாங் தெருவோரங்களில், கோடைக்கு முன்னும் அது தொடங்கும்போதும், சிவப்பு ஜெல்லி மீன் விற்பார்கள். அலையாத்திக் காட்டு மரப்பட்டையை ஊறவைத்த தண்ணீரில் போட்டு வைப்பதால் அந்தச் செங்கபில நிறம். பெரிய சட்டியில் மிதக்கும் துண்டை எடுத்து, இரும்புக் கத்தி படாமல், மூங்கில் கீற்றால் அறுத்துத் தருகிறார்கள். கூடவே சுட்ட டோஃபு, தேங்காய்த் துண்டு, வாசனைக் கீரைகள். எல்லாவற்றையும் ஓர் இலையில் சுற்றி, இறால் விழுதில் தோய்த்து வாயில் போட வேண்டும். பிரச்சினை அந்த இறால் விழுதுதான். அது ஊதா நிறத்தில், நுரைத்துக்கொண்டு, கருவாட்டுக்குப் பழகிய மூக்கையே ஒரு கணம் நிறுத்தும் வாடையோடு இருக்கும். முதல் முறைக்கு இது வேண்டாம். அடுத்த பயணத்தில் கட்டாயம் பாருங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சீனப் புத்தாண்டு நேரத்தில் அலுவலகங்களில் எல்லோரும் சுற்றி நின்று குச்சிகளால் உயரத் தூக்கிக் கலக்கும் லோ ஹே தட்டில், பல இடங்களில் ஜெல்லி மீன் இழைகளும் இருக்கும். கேரட், முள்ளங்கி, நிலக்கடலைப் பொடி, புளிப்பினிப்புச் சாறு எல்லாவற்றுக்கும் நடுவில் தெரியாமல் போய்விடும். பயந்தவர்களுக்கு இதைவிட மென்மையான அறிமுகம் கிடையாது.

சாப்பிடும் முறை எளிது. நாலைந்து இழையை வெள்ளரியோடு சேர்த்து எடுத்து, கடைவாயில் வைத்து நிதானமாக மெல்லுங்கள். நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தால் வழுக்கல் மட்டும்தான் தெரியும். தட்டு குளிர்ச்சியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம், திருமணக் குளிர்தட்டில் ஜெல்லி மீனுக்குப் பக்கத்திலேயே, சில சமயம் அதன் மேலேயே, பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கியிருப்பார்கள். விலக்குகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சைவர்கள் செடி மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், இது விலங்குதான்.

கடையில் எதை எடுப்பது

பதப்படுத்துவது எப்படி என்று தெரிந்தால் வாங்குவது எளிது. பிடித்தவுடன் குடையையும் கைகளையும் தனியாகப் பிரித்து, வழுவழுப்பைச் சுரண்டிக் கழுவி, உப்பும் படிகாரமும் கலந்து அடுக்குகிறார்கள். நம் ஊர் சலூனில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். சில நாளுக்கு ஒரு முறை எடுத்து, படிகாரத்தைக் குறைத்து மறுபடி உப்பில் போடுவார்கள். வழக்கமான முறையில் இப்படி 20 முதல் 40 நாள் ஓடும். உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். படிகாரம் புரதத்தை இறுக்கி அந்த நறுக்குத்தன்மையைக் கொடுக்கும், கிருமிகளையும் அடக்கும். கடைசியில் கிடைப்பது முதலில் இருந்த எடையில் 7 முதல் 10 சதவீதம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், குஜராத் கரைகளில் பிடிபடும் சொறி மீன்களும் இப்படி உப்பேறித்தான் கிழக்காசியாவுக்குக் கப்பல் ஏறுகின்றன. இங்கே பிடிப்பவர்கள் யாரும் அதை வாயில் வைப்பதில்லை.

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, குளிர்பெட்டியில் இருக்கும் உடனடிப் பொட்டலம். உப்பு நீக்கி, நறுக்கி, கூடவே சாறு, எண்ணெய்ப் பைகளோடு வரும். பிரித்துக் கலந்தால் முடிந்தது. தொடக்கத்துக்கு இது போதும், ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் இனிப்பு தூக்கல். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் சாறைச் செய்துகொள்வது மேல். ஜப்பானிய பாணியில் ஏற்கெனவே ஊறவைத்து விற்கும் பிரகாசமான மஞ்சள், சிவப்பு இழைகளை நான் வாங்குவதில்லை, நிறம்தான் இருக்கிறது.

இன்னொன்று, உப்பிட்ட முழுத் தோல் அல்லது தலை. சீன உலர்பொருள் கடைகளிலும் ஈரச்சந்தையிலும் இருக்கும். புதிய சரக்கு பால் வெள்ளையாக இருக்கும். நாளாக ஆக மஞ்சளாகும், அதில் தப்பில்லை. பழுப்புக்கு மாறியிருந்தால் தொடாதீர்கள். விரலால் மடக்கிப் பாருங்கள்: வளைந்து திரும்ப வேண்டும், பிய்ந்து வரக் கூடாது. முகர்ந்தால் உப்பு வாடைக்கு மேல் வேறு எதுவும் இருக்கக் கூடாது.

போலியும் உண்டு. 2016-ல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஹூஜோ நகரப் போலீசார், ரசாயனங்களைக் கலந்து செய்த போலி ஜெல்லி மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். உண்மையான தோலில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு, நரம்பு போன்ற கோடுகள், சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். எல்லா இழையும் ஒரே கனத்தில், ஒரே மழுமழுப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெயர் போட்டே விற்கும் சைவ ஜெல்லி மீன் வேறு. கடற்பாசிச் சத்தில் செய்தது, அதில் ஏமாற்று எதுவுமில்லை.

உப்பு நீக்குதல்: வேலை முழுக்க இங்கேதான்

உப்பிட்ட தோல் 250 கிராம் எடுத்துக்கொண்டால் நான்கு பேருக்குத் தொட்டுக்கொள்ளத் தாராளம். முந்தைய நாளே தொடங்க வேண்டும்.

1. மேலே ஒட்டியிருக்கும் உப்பைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மடிப்புகளில் மணல் இருக்கும். தலையாக இருந்தால் மணல் இன்னும் அதிகம். துண்டுகளாக்கிய பிறகு ஒவ்வொரு இடுக்கையும் விரித்துக் கழுவ வேண்டும்.

2. பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூழ்க வையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரவு முழுக்க விடலாம்.

3. காலையில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். இலேசான உப்பு இருந்தால் சரி. கடல் தண்ணீர் மாதிரி கரித்தால் இன்னும் இரண்டு தண்ணீர். மணிக்கணக்கை நம்பாதீர்கள், சரக்குக்குச் சரக்கு மாறும், நாக்குதான் அளவு. நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு தெரிந்தால் படிகாரம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

4. தோலைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நறுக்குங்கள். மிக மெல்லியதாக நறுக்கினால் அடுத்த படியில் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும்.

5. இப்போது வெந்நீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சில நிமிடம் விட்டால் 80 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். நறுக்கியதை வடிகட்டியில் வைத்து அதில் முக்கி, பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். இழைகள் கண் முன்னாலேயே சுருண்டு, பாதியாகக் குறுகும். பதறாதீர்கள்.

6. எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். அதிலேயே குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். சுருங்கியவை தண்ணீரைக் குடித்து மறுபடி கொஞ்சம் புடைக்கும், நறுக்குத்தன்மையும் திரும்பும். பலர் இந்தக் கடைசி ஊறலை விட்டுவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள்.

சூட்டைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் கொலாஜன். அதிகச் சூடு பட்டால் அது இறுகிச் சுருங்கும். தொடர்ந்து வேகவைத்தால் கரையவே தொடங்கிவிடும். அதனால்தான் ஜெல்லி மீன் குழம்பு என்று ஒன்றைச் செய்து பார்க்கத் துடிப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்வேன். புளிக்குழம்பில் கொதிக்கவிட்டால் மீனும் மிஞ்சாது, குழம்பும் உருப்படாது. வியட்நாமின் நியாட்ராங் நகரத்தில் பிரபலமான ஜெல்லி மீன் நூடுல்ஸ் சூப்பில்கூட, கிண்ணத்தில் மேலே வைத்துச் சூடான சாறை ஊற்றுகிறார்களே தவிர வேகவைப்பதில்லை.

கலவை

தண்ணீரை நன்றாக வடித்து, கையால் அழுத்திப் பிழிந்துவிடுங்கள். ஈரம் நின்றால் சாறு நீர்த்துப்போகும். ஒரு வெள்ளரிக்காயை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, சிட்டிகை உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து சேருங்கள்.

சாறுக்கு: இலேசான சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் அல்லது சீனக் கறுப்பு வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், எள்ளெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. உப்பு வேண்டாம். எண்ணெய் விஷயத்தில் கவனம்: சீனச் சமையலின் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கரும்பழுப்பு நிறம், வாசனை தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது. அதை ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த மணம் வராது. வேறு வழியில்லை என்றால் ஒரு தேக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயில் கலந்துகொள்ளுங்கள், பாதி தூரம் போகலாம்.

சாறை முன்கூட்டியே கலந்து வைக்கலாம். ஜெல்லி மீனோடு சேர்ப்பது பரிமாறுவதற்குச் சற்று முன்புதான்.

கொரிய வழி வேண்டுமென்றால், கடுகுப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள், காரம் அப்போதுதான் ஏறும். அதில் வினிகர், சர்க்கரை, நிறையப் பூண்டு. மலாய்க்காரர்கள் ஓபோர்-ஓபோர் என்று அழைத்து, எலுமிச்சை, சின்ன வெங்காயம், மிளகாயோடு கெராபு என்ற பச்சடி போன்ற கலவை செய்வார்கள். காரம் பழகிய நம் வீடுகளில் கேள்வி கேட்காமல் காலியாவது இதுதான்.

உடம்புக்கு

கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, கலோரி மிகக் குறைவு. தோல் பளபளக்கும், மூட்டுவலி போகும் என்று விற்பவர்கள் சொல்வதைக் கண்டுகொள்ள வேண்டாம். வயிற்றுக்குள் போனால் கொலாஜனும் மற்ற புரதம் போலச் செரிக்கப்படுவதுதான்.

கவனிக்க வேண்டியது அலுமினியம். படிகாரத்தில் இருப்பது அதுதான், புரதத்தோடு பிணைந்துவிடுவதால் உப்பு போகிற மாதிரி ஊறவைத்து முழுதாக விரட்ட முடியாது. ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பிடத் தயாரான ஜெல்லி மீனில் கிலோவுக்குச் சராசரி 1,200 மில்லிகிராம் அலுமினியம் இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011-ல் வைத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 120 மில்லிகிராம். அதாவது 100 கிராம் ஜெல்லி மீனிலேயே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். விருந்தில் ஒருவர் பங்குக்கு வருவது சில வாய்தான், அதற்குக் கவலையில்லை. வாராவாரம் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதற்கான உணவு இது இல்லை. எடை குறைந்த குழந்தைகளுக்கு வரம்பும் குறைவு. அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நன்றாகப் போக்கிச் சாப்பிடட்டும்.

ஒவ்வாமை அரிதாக வருகிறது. கடலில் ஜெல்லி மீனிடம் பலமாகக் கொட்டு வாங்கியவர்கள், கடலுணவு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மீந்தால்

உப்பிட்ட சரக்கைத் தண்ணீர் படாமல், அதன் உப்போடேயே மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்து இளகினால் வற்றிச் சுருங்கி நார்நாராகிவிடும். ஊறவைத்துச் சாறு கலக்காததை, தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். சாறு கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

தோல் பழகிய பிறகு தலைக்குப் போகலாம். ஊறும் நேரம் கூடுதல், ஒரு முழு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. வடசீனாவில் அதைக் கறுப்பு வினிகரில் மூழ்கும் அளவு ஊற்றி, வெள்ளரியோடும் கொத்தமல்லித் தழையோடும் தருவார்கள். சோயா சாஸைப் பாதியாகக் குறைத்து, வினிகரை இரண்டு மடங்காக்கி, பூண்டைச் சற்றுத் தாராளமாகப் போட்டால் வீட்டிலும் அது சரியாக வரும்.